வறியவரும் நீதிமன்றக் கட்டணமும்

கட்டணம் செலுத்திய பின்னரே வழக்குரைக்க இயலும் என்னும் முறை, இந்நாட்டில் கும்பினியார் ஆட்சியில் வேரூன்றியது. பொய்வழக்குகளைத் தடுப்பதே கட்டணத்தின் நோக்கம் என்று வங்காளத்தின் 1795ஆம் ஆண்டு ஒழுங்குவிதி 38 கூறிற்று. சட்ட உறுப்பினராயிருந்த மெக்காலே 1835இல் அக்கூற்றை எள்ளி நகையாடினார். கட்டணம் பொய்யனுக்கும் மெய்யனுக்கும் ஒன்றே; இல்லாதவனுக்கு அது மூடிய கதவாகும் என்பது அவ்வாதத்தின் சாரம். எளியவர் நீதியில் நம்பிக்கை இழந்துவிடாதவாறு இருதரப்பாரையும் சமமாக நடத்தவேண்டும் என அபூமூஸா அல்அஷ்அரீ (ரலி) அவர்களுக்கு கலீஃபா உமர் (ரலி) அவர்கள் எழுதியதாக அறியப்படும் கடிதம் ஈண்டு நினைவுகூரத்தக்கது.

கதவைத் திறக்கும் வழியும் பழைமையானதே. ஏழையர் கட்டணமின்றி வழக்காட இங்கிலாந்தில் ஏழாம் ஹென்றி காலத்துச் சட்டம் 1495இல் இடமளித்தது. அம்மரபு 1859ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டத்திலும் இடம்பெற்றது. இன்று நடப்பிலுள்ளது 1908ஆம் ஆண்டுச் சட்டத்தின் 33ஆம் கட்டளை. ‘பாப்பர்’ என்னும் இழிசொல்லை நீக்கி ‘வறியவர்’ என்னும் பொருள்படும் சொல்லை இட்டது 1976ஆம் ஆண்டுத் திருத்தம்.

வறியவர் என்போர் யார்? ஆயிரம் ரூபாய் மதிப்புள்ள சொத்துக்கூட இல்லாதவரே என்பது பரவலான தவறான எண்ணம். கட்டணம் இவ்வளவென்று சட்டம் குறிக்காத வழக்குகளுக்கே அவ்வரம்பு உரியது. ஏனையவற்றில், அவ்வழக்கின் கட்டணத்தைச் செலுத்தப் போதிய வசதி உண்டா என்பதே வினா.

மேலூர் வட்டத்துத் திருவாதவூரில் உழவர் ஒருவர், தாம் விற்ற நிலத்தின் விலைப்பாக்கி பத்து இலட்சம் ரூபாய்க்கு வழக்கிடுவதாகக் கொள்வோம். தமிழ்நாட்டில் ஏழரை விழுக்காடாயிருந்த கட்டணம் 2017இல் மூன்று விழுக்காடாகக் குறைந்தது. ஆயினும் அவர் 30,000 ரூபாய் செலுத்தவேண்டும். அவருடைய வசதியைக் கணக்கிடுகையில், வழக்கிற்குரிய பொருளும் கடனுக்காகப் பறிமுதல் செய்யவியலாத உடைமைகளும் விலக்கப்படும். குடியிருக்கும் வீடு, உழவுமாடு, உழுகருவி, விதைநெல், சமையற்கலம் ஆகியன அவ்விலக்கில் அடங்குவன. ஆகவே ஏர்மாடு உள்ளவரும் சட்டத்தின் கண்ணில் வறியவராகலாம்.

மனுவுடன் சொத்துப் பட்டியலை உண்மையாக இணைத்தல் வேண்டும். மனுவுக்கு முந்திய இரண்டு மாதங்களுக்குள் வஞ்சகமாகச் சொத்தைக் கைமாற்றியிருந்தால் மனு தள்ளப்படும். அரசு வழக்கறிஞருக்கும் எதிர்த்தரப்பாருக்கும் அறிவிப்புச் சென்ற பின்னரே விசாரணை நடைபெறும்.

இது கட்டணத்தைத் தள்ளிவைத்தலேயன்றித் தள்ளுபடியன்று. வென்றால், தீர்ப்பு யாரைச் செலுத்தப் பணிக்கிறதோ அவரிடம் அரசு வசூலிக்கும். வழக்குப் பொருளின்மீது அதுவே முதற்பொறுப்பாகும். தோற்றால் வழக்காளரே செலுத்தவேண்டும்.

1995 நவம்பர் 9இல் நடைமுறைக்கு வந்த சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம் மற்றொரு வழியைத் திறந்தது. வருமான வரம்புக்குட்பட்டோர்க்கு, வழக்கில் முகாந்திரம் இருப்பின், வழக்கறிஞருடன் நீதிமன்றக் கட்டணத்தையும் அது ஏற்கிறது. வருமானத்திற்கு உறுதிமொழிப் பத்திரமே போதுமானதாகக் கொள்ளப்படலாம். பெண்களுக்கும் பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கும் வருமான வரம்பே இல்லை. மஹர் கோரும் ஏழைச் சகோதரி இதனை அறிந்திருத்தல் வேண்டும்.

உரிமையிருந்தும் கட்டணத்திற்கஞ்சி வாளாவிருப்போர் நம் மஹல்லாக்களிலும் உளர். அவர்களுக்கு இவ்விரு வழிகளையும் எடுத்துரைப்பது கற்றோர் கடனாகும்.