அச்சுச் சான்றின் நம்பகத்தன்மை: மயிலாப்பூர் வழக்குரைஞர் மரபும் சட்டக் கல்வியும்

முன்னுரை

சட்ட ஆய்வில் அச்சு நூலுக்குத் தனி மதிப்பு உண்டு. நீதிபதியும் வழக்குரைஞரும் மாணவரும் ஒரே பக்கத்தைப் பார்த்து ஒரு மேற்கோளைச் சரிபார்க்க இயலும். ஆயினும் அச்சில் நிலைத்திருப்பதனாலேயே ஒரு கூற்று சரியானதாகிவிடாது. அச்சு மூலம் எதற்குச் சான்றாகும், எதற்குச் சான்றாகாது என்பதைச் சென்னைச் சட்ட வரலாற்றின் வழி இக்கட்டுரை ஆராய்கிறது.

அதிகாரமும் துல்லியமும்

சென்னை உயர் நீதிமன்றம் 1862இல் நிறுவப்பட்டது. முன்தீர்ப்புகளைப் பின்பற்றும் நீதிமுறைக்கு நம்பத்தக்க தீர்ப்பறிக்கை இன்றியமையாதது. 1875ஆம் ஆண்டின் இந்தியத் தீர்ப்பறிக்கைகள் சட்டம் இத்தேவையை அதிகாரத்தின் வழி நிறைவேற்ற முயன்றது. அரசு அதிகாரத்துடன் வெளியிடப்படாத அறிக்கையைக் கேட்கவோ, கட்டுப்படுத்தும் சான்றாகக் கொள்ளவோ நீதிமன்றம் கடமைப்பட்டதன்று என அது கூறியது. எனினும் தனியார் அறிக்கைகளை அது தடைசெய்யவில்லை.

அந்த இடைவெளியிலேயே மயிலாப்பூர் மரபு உருவாயிற்று. 1888இல் வக்கீல்கள் மயிலாப்பூர் இல்லமொன்றில் சனிக்கிழமைதோறும் கூடிச் சட்டச் சிக்கல்களை விவாதிக்கத் தொடங்கினர். இங்கிலாந்தில் 1885இலும் ஹார்வர்டில் 1887இலும் தோன்றிய சட்ட இதழ்கள் அவர்களுக்கு ஊக்கமளித்தன. அதன் பயனாக 1891இல் 'மெட்ராஸ் லா ஜர்னல்' பிறந்தது. சென்னைச் சட்டக் கல்லூரி தொடங்கப்பட்டதும் அதே ஆண்டில்தான். சட்டம் தராத தகுதியை அவ்விதழ் தன் விரைவாலும் துல்லியத்தாலும் ஈட்டியது.

தீர்ப்பும் தலைக்குறிப்பும்

அச்சிட்ட தீர்ப்பறிக்கையில் நீதிமன்றத்தின் சொற்களும் பதிப்பாசிரியரின் சொற்களும் அடுத்தடுத்து நிற்கின்றன. தலைக்குறிப்பு பதிப்பாசிரியர் எழுதியது. அது தீர்ப்பின் பகுதி அன்று. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1906இலேயே இதனைத் தெளிவுபடுத்தியது. ஈஸ்டர்ன் புக் கம்பெனி எதிர் மோடக் வழக்கில் 2007 டிசம்பரில் தீர்ப்பளித்த இந்திய உச்ச நீதிமன்றம், தீர்ப்பின் மூலவாசகம் பொதுவுடைமை என்றும், பதிப்பாசிரியரின் திறனாலும் மதிப்பீட்டாலும் சேர்க்கப்பட்ட கூறுகள் பதிப்புரிமைக்கு உரியவை என்றும் வேறுபடுத்தியது. தலைக்குறிப்பை மட்டும் படித்து மேற்கோள் காட்டும் மாணவர், பதிப்பாசிரியரின் கருத்தை நீதிமன்றத்தின் முடிவாகக் கொள்ளும் பிழைக்கு ஆளாகிறார்.

பதிப்பும் காலமும்

பாடநூல்களில் காலமே முதன்மைச் சிக்கல். ஜான் டி. மெயின் 1878இல் வெளியிட்ட இந்துச் சட்ட நூல் தலைமுறைகள் கடந்து பயிலப்பட்டது. மயிலாப்பூர் லஸ் பகுதியில் வாழ்ந்த எஸ். சீனிவாச ஐயங்கார் அதன் பத்தாம் பதிப்பைத் திருத்தி 1938இல் வெளியிட்டார். கைம்பெண்களுக்கு வரம்புக்குட்பட்ட சொத்துரிமை வழங்கிய 1937ஆம் ஆண்டுச் சட்டம் அப்போது புதியது. 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் அவ்வரம்பை நீக்கி, பெண்ணின் உடைமையில் உள்ள சொத்துக்கு அவரை முழு உரிமையாளர் ஆக்கியது. 1938ஆம் ஆண்டுப் பதிப்பு அக்காலச் சட்டத்துக்கு அரிய சான்று. இன்றைய உரிமைக்கு அதனைச் சான்றாகக் காட்டுவது பிழை.

இவ்வாறு காலாவதியாவதற்கு நெடுங்காலம் வேண்டுவதில்லை. கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளுக்கு 2005ஆம் ஆண்டுத் திருத்தம் அளித்த உரிமையைப் பெற, 9.9.2005 அன்று தந்தை உயிருடன் இருந்திருக்க வேண்டும் என 2015இல் பிரகாஷ் எதிர் புலாவதி வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. வினிதா சர்மா வழக்கில் 11.8.2020 அன்று மூவர் அமர்வு அதனை மாற்றியது. மகளின் உரிமை பிறப்பால் வருவது என அறிவித்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் முதல் தீர்ப்பைப் பின்பற்றி அச்சான விளக்கம், அச்சுப்பிழை ஒன்றும் இல்லாமலேயே இன்று ஒரு மகளின் பங்கை மறுத்துவிடக்கூடும்.

முடிவுரை

உச்ச நீதிமன்றம் 2023இல் தன் தீர்ப்பறிக்கைகளை மின்வடிவில் கட்டணமின்றி வழங்கத் தொடங்கியபின், மூலத்தோடு ஒப்பிடுதல் எளிதாகியுள்ளது. எனவே அச்சு நூலைக் கைவிடுவது தீர்வன்று. பதிப்பாண்டைக் குறித்தல், தலைக்குறிப்பைத் தீர்ப்போடு ஒப்பிடுதல், தீர்ப்பின் பிற்கால நிலையை அறிதல் ஆகிய மூன்றையும் சட்ட வகுப்பின் அன்றாடப் பயிற்சியாக்க வேண்டும். ஒரே நூலின் இரு பதிப்புகளை மாணவர் முன் வைத்து வேறுபாடுகளைக் கண்டறியச் செய்தல் அதற்குத் தக்க தொடக்கமாகும்.