சென்னையில் மெய்நிகர் நிகழ்ச்சிகளின் வணிக வரலாறு

மெய்நிகர் நிகழ்ச்சி என்பது ஓரிடத்தில் கூடாமல் இணையம் வழியாகப் பலரும் பங்கேற்கும் நிகழ்ச்சி ஆகும். பெயர் புதிது. ஆனால் அரங்குக்கு வராதவர்களிடம் நிகழ்ச்சியைக் கொண்டு சேர்க்கும் முயற்சி சென்னையில் நூறாண்டுப் பழமை உடையது. அதற்கான செலவை யார் ஏற்பது என்னும் கேள்வியும் அன்றே எழுந்துவிட்டது.

வானொலிக் காலம்

சி. வி. கிருஷ்ணசாமி செட்டியின் முயற்சியால் 1924-இல் சென்னை மாகாண வானொலிக் கழகம் தோன்றியது. அதன் 40 வாட் ஒலிபரப்பி அவ்வாண்டு ஜூலை 31 அன்று இயங்கத் தொடங்கியது. கேட்போர் பெருகினாலும் வருவாய் போதவில்லை. பணமின்மையால் 1927-இல் கழகம் ஒலிபரப்பை நிறுத்தி, கருவிகளை மாநகராட்சியிடம் ஒப்படைத்தது. மாநகராட்சி 1930 முதல் ஒலிபரப்பை நடத்தியது. பொது இடங்களில் ஒலிபெருக்கிகள் வைக்கப்பட்டதால் வானொலிப் பெட்டி இல்லாதவர்களும் கேட்டனர். செலவு பொதுப்பணத்தைச் சேர்ந்ததானது. 1938-இல் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் அப்பணியை ஏற்றது.

இணையக் காலம்

2020-இல் கொரோனா பெருந்தொற்றால் அரங்குகள் மூடப்பட்டன. நகரச் சபாக்களின் கூட்டமைப்பு ‘யுவர்ஸ் ட்ரூலி மார்கழி’ என்னும் பெயரில் கச்சேரிகளை இணையத்தில் கட்டணத்துடன் வழங்கியது. தனித்தனியே போட்டியிடாமல் ஒரே தளத்தில் சேர்ந்தது இதன் முக்கிய உத்தி. கேட்பவர் எந்த ஊரிலிருந்தும் நுழைவுக் கட்டணம் செலுத்த முடிந்தது.

முதலீட்டை மட்டும் நம்பி வளர்ந்த நிறுவனங்களின் கதை வேறு. 2019-இல் லண்டனில் தொடங்கிய ஹோப்பின் நிறுவனம் 2021-இல் 775 கோடி டாலர் மதிப்புப் பெற்றது. அரங்குகள் திறந்ததும் தேவை குறைந்தது. 2023-இல் அதன் நிகழ்ச்சிப் பிரிவு 1.5 கோடி டாலர் தொடக்க விலைக்கு ரிங்சென்ட்ரல் நிறுவனத்திற்கு விற்கப்பட்டது.

நேரில் கூடுவதன் இடம்

எல்லா நிகழ்ச்சிகளும் திரைக்கு மாறுவதில்லை. வடசென்னை மூலக்கொத்தளத்தில் 1939-இல் உயிர்நீத்த இந்தி எதிர்ப்புப் போராளிகள் நடராசன், தாளமுத்து ஆகியோரின் நினைவிடம் உள்ளது. மொழிப்போர் தியாகிகள் நாளான ஜனவரி 25 அன்று அங்கே மலரஞ்சலி செலுத்துவது வழக்கம். அவ்விடத்திற்குச் செல்வதே அந்த நிகழ்ச்சி. படம்பிடித்துக் காட்டுவது அதற்குத் துணை மட்டுமே.

எனவே மெய்நிகர் நிகழ்ச்சி நடத்தும் நிறுவனம் கருவிகளை வாங்குமுன் இரண்டை முடிவு செய்ய வேண்டியுள்ளது: எந்தப் பகுதி நேரில் நடக்க வேண்டும், எஞ்சியதற்கு யார் தொடர்ந்து பணம் தருவார்கள். 1927-இல் கழகம் நின்றதும், பின்னர் ஹோப்பின் சரிந்ததும் காட்டுவது ஒன்றே: கேட்போர் கூட்டம் வேறு, நிலைத்த வருவாய் வேறு.