ஆளிலிருந்து செயலுக்கு: 'ஜஸ்டிஃபையபிள்' என்னும் சொல்

தக்க காரணம் காட்டித் தாங்கிப் பேசக்கூடிய செயலை ஆங்கிலத்தில் 'ஜஸ்டிஃபையபிள்' என்பர். ஆனால் இந்தப் பெயரடை தொடக்கத்தில் செயலுக்கு அன்றி ஆளுக்கே அடையாக நின்றது. சட்டத்தையும் உரிமையையும் குறிக்கும் 'யூஸ்' என்னும் இலத்தீன் சொல்லிலிருந்து நேர்மையானவரைச் சுட்டும் 'யூஸ்டுஸ்' பிறக்க, அதனோடு ஆக்குதலைக் குறிக்கும் வினை இணைந்து, திருச்சபை இலத்தீனில் 'யூஸ்டிஃபிகாரே' என்று வழங்கியது. பிரெஞ்சு வழியாக ஆங்கிலம் புகுந்த இவ்வினை நீதி வழங்குதல், விசாரித்தல், தண்டித்தல் என்னும் பொருள்களையும் ஏற்றமையால், 16ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இதன் பெயரடை, நீதிமன்ற விசாரணைக்கு உட்படுத்தத்தக்கவர் என்றே பொருள்பட்டது. இன்றைய பொருள் அதற்குச் சில பத்தாண்டுகள் கழித்தே தலைகாட்டுகிறது.

ஸ்காட்லாந்தில் இவ்வினைக்கு மரண தண்டனையை நிறைவேற்றுதல் என்ற பொருளும் இருந்தது. சமயத் துறையிலோ, இறைவன் பாவியை நீதிமான் என்று ஏற்பதை அது குறித்தது. தமிழ்ச் சீர்திருத்தத் திருச்சபையினர் இதனை 'நீதிமானாக்கப்படுதல்' என்பர். 1824இல் ஜேம்ஸ் ஹாக் என்னும் ஸ்காட்டியர் எழுதிய நாவலின் தலைப்பு, தான் முன்பே நீதிமானாக்கப்பட்டுவிட்டதாக நம்பிக் கொலைக்கும் துணியும் ஒருவனை இவ்வினையின் 'ஜஸ்டிஃபைட்' என்னும் வடிவத்தாலேயே சுட்டுவதால், அந்நாட்டு வாசகரின் காதில் தூக்குமேடையின் பொருளும் உடன் ஒலித்திருக்கக்கூடும்.

சொல்லின் எல்லை கூர்மையாக வரையப்பட்டது சட்டத்தில்தான். ஆங்கிலச் சட்ட அறிஞர் வில்லியம் பிளாக்ஸ்டோன் 1769இல் வெளியான தம் சட்ட விளக்கவுரையின் நான்காம் தொகுதியில், மனிதக் கொலையை நியாயமுடையது, மன்னிக்கத்தக்கது, குற்றமானது என மூவகையாகப் பிரித்தார். தீர்ப்பின்படி தூக்கிலிடும் அலுவலரின் செயலும் வன்கொள்ளையைத் தடுக்க நேர்ந்த கொலையும் முதல் வகையைச் சேர்ந்தன. அவற்றில் பழி சிறிதும் இல்லை. திடீர்ச் சண்டையில் உயிர் தப்ப வேறு வழியின்றிக் கொன்றவரோ இரண்டாம் வகையினர். அவர் செயலில் ஓரளவு பிழை உண்டு என்று கருதிய பழைய சட்டம், அவர் பொருள்களைப் பறிமுதல் செய்யவும் இடம் தந்தது. நடைமுறையில் மெல்லத் தளர்ந்துவிட்ட இவ்விதி 1828இல் சட்டப்படியே நீக்கப்படும்வரை, இரு பெயரடைகளுக்கு இடையே இருந்த வேறுபாடு ஒருவரின் உடைமையைத் தொடும் வேறுபாடாக இருந்தது. 1860இன் இந்தியத் தண்டனைச் சட்டம் இப்பிரிவினையை மேற்கொள்ளாமல், தற்காப்புரிமையைப் பயன்படுத்திச் செய்யும் எதுவும் குற்றமன்று என்று 96ஆம் பிரிவில் நேரடியாகவே கூறிவிட்டது. இந்த வழி எளியது, மேலானதும்கூட.

'ஜஸ்டிஃபைட்' என்பது நியாயம் நிலைநாட்டப்பட்டுவிட்டதைச் சொல்ல, 'ஜஸ்டிஃபையபிள்' அது நிலைநாட்டப்படக்கூடியது என்ற அளவில் நின்றுகொள்கிறது. பொறுப்பேற்க அஞ்சும் அறிக்கைகளில் பின்னது விரும்பப்படுவதற்கு இந்த இடைவெளியே காரணம் எனலாம். 1884இல் மினியொனெட் என்னும் படகு அட்லாண்டிக் கடலில் மூழ்கியபின், உயிர்காப்புப் படகில் பட்டினி கிடந்து, உடனிருந்த 17 வயதுப் பணியாளனைக் கொன்று உண்ட டட்லி, ஸ்டீஃபன்ஸ் என்போரின் வழக்கில் நீதிமன்றத்துக்கு அத்தகைய இடைவெளி கிடைக்கவில்லை. எத்துணைப் பசியும் அக்கொலையை நியாயமாக்காது என்று நீதிபதிகள் தூக்குத் தண்டனை விதிக்க, அரசு அதனை 6 மாதச் சிறையாகக் குறைத்தது.