தங்கவயலும் ஏழைக் கைதியின் வக்கீல் கட்டணமும்

1880இல் ஜான் டெய்லர் நிறுவனம் கோலார் தங்கவயலில் கால்பதித்தது. அதன்பின் சுரங்கத்தின் ஆழத்தில் இறங்கியோர் பெரும்பாலும் வட ஆர்க்காடு, சேலம் பகுதிகளிலிருந்து சென்ற ஒடுக்கப்பட்ட சாதித் தமிழர்கள். கம்பெனியின் பெருங்கவலை தங்கத் திருட்டு. மைசூர் அரசின் 1897ஆம் ஆண்டுச் சுரங்க ஒழுங்குமுறைச் சட்டம், தங்கம் கலந்த பொருள் எவரிடம் அகப்படுகிறதோ அவரே அது நேர்வழியில் வந்ததென மெய்ப்பிக்க வேண்டும் என்றது. அரசுத் தரப்பு சுமக்க வேண்டிய மெய்ப்பிக்கும் பொறுப்பு கூலியாளின் தோளுக்கு மாறிற்று. 1930இல் கைரேகைப் பதிவு கட்டாயமானபோது வெடித்த வேலைநிறுத்தத்துக்கு இந்த நெடுநாள் சந்தேகமும் ஒரு பின்னணி.

இத்தகையவருக்காக வாதாடுபவர் யார்? பிரிட்டிஷ் இந்தியாவின் 1898ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டம் வக்கீல் வைத்துக்கொள்ள அனுமதித்தது. வக்கீலை அமர்த்தித் தரும் கடமையை அரசுக்கு விதிக்கவில்லை. குடியரசான பிறகும், 1951இல் தாரா சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதே பொருளையே உரைத்தது. காசுள்ளவருக்கே அந்த உரிமை பயன்பட்டது.

நிலைமை எழுபதுகளில்தான் மாறியது. 1973ஆம் ஆண்டுச் சட்டத்தின் 304ஆம் பிரிவு, வசதியற்றவருக்கு செஷன்ஸ் விசாரணையில் அரசுச் செலவில் வக்கீல் என்றது. 1976இல் அரசமைப்பில் 39-ஏ உறுப்பு சேர்ந்தது. 1978இல் ஹோஸ்கோட் வழக்கில் நீதிபதி கிருஷ்ணய்யர், வழக்குத் தொடுத்த அரசே அந்த வக்கீலுக்கும் நீதிமன்றம் நியாயமாக நிர்ணயிக்கும் தொகையைத் தர வேண்டும் என எழுதினார். அந்த ‘நியாய’த்துக்கு அளவுகோல் எது என்பதில்தான் சிக்கல்.

எல்.என். மிஸ்ரா கொலைவழக்கில் குற்றம்சாட்டப்பட்ட ரஞ்சன் துவிவேதி (அவரே ஒரு வழக்கறிஞர்) இக்கேள்வியை நேரடியாக எழுப்பினார்: அரசுத் தரப்பு வக்கீலுக்கு வழங்கும் கட்டணத்தை என் வக்கீலுக்கும் வழங்குக. 1983இல் உச்ச நீதிமன்றம், 39-ஏ வழிகாட்டு நெறியே, அதை நீதிப்பேராணையால் நிலைநாட்ட இயலாது என்றது. சம ஊதியம் உரிமையாகும் வாய்ப்பு அன்று நழுவியது.

அதன் விளைவுகளைக் கீழமை நீதிமன்றங்களில் காணலாம். 2019இல் அனோகிலால் வழக்கில் மரண தண்டனை ரத்தாகி மறுவிசாரணைக்குச் சென்றது. வக்கீல் நியமிக்கப்பட்ட நாளிலேயே குற்றச்சாட்டு வனையப்பட்டிருந்தது. இத்தகைய வழக்குகளில் ஆயத்தத்துக்குக் குறைந்தது ஏழு நாள் தேவை என்றது தீர்ப்பு. அந்த ஏழு நாளின் உழைப்புக்கு யார், எவ்வளவு தருவது என்பதும் அதோடு தீர்ந்திருக்க வேண்டிய கேள்வி.

2022இல் தேசிய சட்டப் பணிகள் ஆணையம் மாதச் சம்பளத்தில் முழுநேர வக்கீல்களை அமர்த்தும் திட்டத்தை வகுத்தது. ஒரு வழக்குக்கு இவ்வளவு என்ற பழைய முறையைவிட இது மேல். ஆயினும் நியமனம் தொடக்கத்தில் இரண்டாண்டு ஒப்பந்தம். தனிவழக்கு எடுக்கவும் தடை. எதிரே நிற்கும் உதவி அரசு வழக்குரைஞரோ நிரந்தரப் பணியாளர்.

தங்கவயலில் இந்தச் சமனின்மை நிலவரைபடத்திலேயே தெரிகிறது. 2001 பிப்ரவரி 28இல் சுரங்கம் மூடப்பட்ட பின்பும் அவ்வூர் தனிக் காவல் மாவட்டமாகவே நீடிக்கிறது. அதற்கெனக் காவல் கண்காணிப்பாளர் உண்டு. சட்ட உதவிக்கோ அது கோலார் மாவட்டத்தின் ஒரு பகுதி. மாவட்டத் தலைமையிடம் ஏறத்தாழ முப்பது கிலோமீட்டருக்கு அப்பால் கோலாரில் இருக்கிறது.