கடைசிச் சொல்

இங்கிலீஷில் ஒரு கடிதம் எழுத உட்கார்ந்தால் நம்மில் பலருக்குக் கை சற்றே நடுங்கும். பள்ளிக்கூடத்தை விட்டு எத்தனையோ வருஷங்கள் ஆகியிருக்கும். ஆயினும் வாத்தியாரின் சிவப்புப் பென்சில் முதுகுக்குப் பின்னால் காத்திருப்பது போலவே தோன்றும்.

என் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். கணக்கில் புலி. ஆனால் இங்கிலீஷ் வகுப்பில் வாயைத் திறக்கவே மாட்டான். ஒரு நாள், "எதைப் பற்றிப் பேசுகிறாய்?" என்பதற்கு, 'வாட் ஆர் யூ டாக்கிங் அபௌட்?' என்று எழுதிவிட்டான். 'அபௌட்', 'டு', 'வித்' போன்ற 'பிரிபொசிஷன்' சொற்களில் வாக்கியத்தை முடிக்கலாமா? முடிக்கக் கூடாது என்பது சட்டம். வகுப்பே சிரித்தது. அதோடு அவன் ஊமையானான்.

அந்தச் சட்டத்தைப் போட்ட மகானுபாவர் யார்? பின்னாளில் தேடிப் பார்த்தேன்.

ஷேக்ஸ்பியர் உள்பட ஆங்கிலேயர்கள் அந்தப் பையனைப் போலத்தான் எழுதி வந்தார்கள். 1672-இல் ஆஸ்தான கவியாயிருந்த ஜான் டிரைடன், நாடகாசிரியர் பென் ஜான்ஸனின் எழுத்தில் இது ஒரு குற்றம் என்றார். ஜான்ஸனோ காலமாகி 35 வருஷங்கள் ஆகியிருந்தன. அவர் எழுதிய ஆங்கில இலக்கணமே 1640-இல் அச்சேறியிருந்தது. இலக்கணம் செய்தவர் மீதே இலக்கணக் குற்றம். பதில் சொல்ல அவர் உயிரோடில்லை!

டிரைடனிடம் ஒரு நேர்மை உண்டு. அதே குற்றம் தம்மிடமும் இருப்பதை ஒப்புக்கொண்டார். 1668-இல் வெளியான தமது நாடகக் கட்டுரையை 1684-இல் மறுபதிப்புச் செய்தபோது, அத்தகைய வாக்கியங்களைத் தேடிப் பிடித்துத் திருத்தினார். தம் இங்கிலீஷில் சந்தேகம் வந்தால் அதை லத்தீனில் மொழிபெயர்த்துப் பார்ப்பது அவர் வழக்கம். லத்தீனில் அந்தச் சின்னஞ்சிறு சொற்கள் வாக்கியக் கடைசியில் தனியே நிற்பதில்லை. மாமியார் வீட்டு வழக்கத்தை மருமகள் தலையில் கட்டிய கதைதான்.

1762-இல் ராபர்ட் லௌத் என்ற பாதிரியார் ஓர் இலக்கணம் எழுதினார். பேச்சுக்கும் சாதாரண எழுத்துக்கும் இது இயல்பே, கம்பீர நடைக்கு மட்டுமே ஒவ்வாது என்றார். அதைச் சொன்ன வாக்கியத்தையே 'டு' என்று முடித்துவைத்தார்!

1795-இல் வந்தது லிண்ட்லி மர்ரேயின் இலக்கணம். அமெரிக்காவில் வக்கீலாயிருந்து, இங்கிலாந்தில் யார்க் நகருக்கருகே குடியேறியவர் அவர். அங்கிருந்த பெண்கள் பள்ளிக்கூடத்துக்காக எழுதினார். லௌத்தின் வாக்கியத்தை எடுத்துக்கொண்டார். ஆனால் கடைசியிலிருந்த 'டு'வைத் தூக்கி முன்னால் வைத்துவிட்டார். புன்னகை போயிற்று, விதி நின்றது. இலட்சக்கணக்கில் விற்ற புத்தகம் அது. ஒரு கவிஞரின் ருசி இவ்விதம் பள்ளிக்கூடத்துச் சட்டமாயிற்று.

1926-இல் ஃபௌலர் என்ற இங்கிலீஷ் அறிஞர், இது வெறும் மூடநம்பிக்கை என்றே எழுதிவிட்டார். ஆனால் சிவப்புப் பென்சில்கள் அதைப் படிக்கவில்லை போலும்.

அப்படியானால் விதியே வேண்டாமா? வேண்டும். 'லெண்ட்' என்றால் கடன் கொடுப்பது. 'பாரோ' என்றால் கடன் வாங்குவது. இவற்றை மாற்றி எழுதினால் கடன் கொடுத்தவன் கடன்காரனாகிவிடுவான். அங்கே பென்சில் பாயட்டும். ஆனால் அந்தப் பையன் கேட்டதில் பொருள் எங்கே கெட்டது? எல்லோருக்கும் புரிந்தது. புரிந்ததனால்தானே சிரித்தோம்?