வெள்ளியில் ஒரு மேகம்: ஹோப்பி நகையும் 'தொன்மை'யும்

நண்பர் ஒருவர் அரிசோனாவிலிருந்து வாங்கிவந்த வெள்ளி வளையல் என் மேசைமேல் கிடக்கிறது. படிக்கட்டு மாதிரி அடுக்கிய மேகம், அதிலிருந்து இறங்கும் மழைக்கோடுகள். கூடவே ஒரு சீட்டு: ஹோப்பி பழங்குடியினரின் தொன்மையான நகை. இந்தத் 'தொன்மை'தான் உறுத்துகிறது.

ஹோப்பிகள் வெள்ளி வேலையைக் கற்றதே 19ஆம் நூற்றாண்டின் இறுதியில், அண்டையிலிருந்த சூனி மக்களிடமிருந்து. அதற்குப் பின்னும் வெகுகாலம் அவர்களது நகை சூனி, நவஹோ நகைகளைப் போலவேதான் இருந்தது. 1938இல் வடக்கு அரிசோனா அருங்காட்சியகம் தலையிடுகிறது. அதன் நிறுவனர்களில் ஒருவரான மேரி ரஸ்ஸல் கோல்ட்டன் என்ற வெள்ளைப் பெண்மணி, ஹோப்பி பானை, கூடை, துணிகளில் உள்ள உருக்களை வெள்ளிக்குக் கொண்டுவரச் சொல்கிறார். மாதிரி வரைபடங்களும் தயாராகின்றன.

அப்போ இது அருங்காட்சியகம் கட்டமைத்த அடையாளம், அவ்வளவுதானே? நானும் முதலில் அப்படித்தான் முடிவுகட்டினேன். அவசரப்பட்டுவிட்டேன்.

அந்த யோசனைக்கு உயிர் வந்தது 1947இல். உலகப்போரிலிருந்து திரும்பிய ஹோப்பி வீரர்களுக்கு நடந்த வகுப்புகளில் பால் சஃப்கி வெள்ளி நுட்பத்தையும், ஓவியர் ஃப்ரெட் கபோட்டி வடிவமைப்பையும் கற்பித்தார்கள். கபோட்டி சிறுவயதில் சாந்தா ஃபே உறைவிடப் பள்ளிக்குக் கட்டாயமாக அனுப்பப்பட்டவர். 1949இல் கைவினைஞர்கள் தங்களுக்கென்றே கூட்டுறவுச் சங்கம் அமைத்தார்கள். மேல்தகட்டில் உருவை வெட்டியெடுத்து, அடித்தகட்டோடு பற்றவைத்து, பள்ளத்தைக் கறுக்கவைக்கும் முறை ஹோப்பி முத்திரையானது.

நுட்பம் புதுசு; மேகம் பழசு. மழை அருகிய மேட்டுநிலத்தில், வானம் பார்த்து மக்காச்சோளம் விதைக்கிறவர்களுக்கு மேகம் வெறும் அலங்காரமில்லை, வேண்டுதல். கரடியின் பாதம் ஒரு குலத்தின் பெயர். 'மேகம் என்றால் வளம்' என்று சீட்டில் அச்சடிக்கும்போது இந்த நிலமும் குலமும் காணாமல்போகின்றன.

இதே மக்கள்தான் 2013இல் பாரிசில் தங்கள் கட்சினா புனித உருக்கள் ஏலத்துக்கு வந்தபோது எதிர்த்தார்கள். நீதிமன்றம் தடை தர மறுத்தது, ஏலம் நடந்தது. மேகத்தை விற்கிறார்களே, இதை மட்டும் ஏன் கூடாதாம் என்று கேட்கலாம். மேகத்தை வெட்டிக்கொடுத்தது அவர்கள் கை. கட்சினா விஷயத்தில் அவர்கள் சொன்ன 'கூடாது'வை ஏலம் நடத்தியவர்கள் மதிக்கவில்லை. தொன்மையா போலியா என்பது வாங்குகிறவனின் கவலை. எதைக் கொடுப்பது, எதை மறுப்பது என்று தீர்மானிக்கும் அதிகாரம் யாரிடம் என்பதே ஹோப்பிகளின் கேள்வி.