வாழ்நாள் இன்கமிங்: இலவசமாக வந்து கட்டணமாக மாறிய கைபேசி அழைப்பு

வாழ்நாள் இன்கமிங் என்பது 2005ஆம் ஆண்டின் இறுதியில் இந்தியாவில் அறிமுகமான ஒரு ப்ரீபெய்டு கைபேசித் திட்டம். மக்கள் இதை ‘லைஃப்டைம் சிம்’ என்று அழைத்தனர். ஒரு முறை பெரிய தொகை கட்டிவிட்டால், மாதாமாதம் ரீசார்ஜ் செய்யாவிட்டாலும் அழைப்புகள் வந்துகொண்டே இருக்கும் என்பது இதன் சாரம். 2018ஆம் ஆண்டின் இறுதியில் பெரிய தனியார் நிறுவனங்கள் குறைந்தபட்ச மாத ரீசார்ஜைக் கட்டாயமாக்கியபோது இந்த ஏற்பாடு நடைமுறையில் முடிவுக்கு வந்தது. வெளியூர் வேலையை நம்பியிருக்கும் விழுப்புரம், திண்டிவனம் வட்டாரக் குடும்பங்களுக்கு இது சிறிய மாற்றமாக இருக்கவில்லை.

பூத்தும் பி.பி. எண்ணும்

தென்னாற்காடு மாவட்டத்தைப் பிரித்து விழுப்புரம் மாவட்டம் 1993 செப்டம்பர் 30 அன்று உருவாக்கப்பட்டது. அப்போது தொலைபேசி வசதியானவர்களின் வீட்டுப் பொருள். மற்றவர்கள் விண்ணப்பங்களிலும் திருமண அழைப்பிதழ்களிலும் பக்கத்து வீட்டு எண்ணையோ மளிகைக் கடை எண்ணையோ எழுதி, அருகில் ‘பி.பி.’ என்று போடுவார்கள். அழைப்பு வந்தால் அந்த வீட்டுப் பிள்ளை ஓடிவந்து கூப்பிடும்.

விழுப்புரத்துக்கு 04146, திண்டிவனத்துக்கு 04147, செஞ்சிக்கு 04145 என்று ஒரே மாவட்டத்துக்குள் வெவ்வேறு குறியீட்டு எண்கள் இருந்தன. சென்னை, திருவண்ணாமலை, புதுச்சேரி, விழுப்புரம் சாலைகள் கூடும் ஊர் திண்டிவனம். அங்கும், ஐந்து திசை ரயில் பாதைகள் சேரும் விழுப்புரம் சந்திப்பின் சுற்றுப்புறத்திலும் எஸ்டிடி பூத்துகள் நெருக்கமாக இருந்தன. இரவில் கட்டணம் குறையும் என்பதால் சாப்பாட்டுக்குப் பிறகுதான் அங்கே கூட்டம். கட்டட வேலைக்குச் சென்னை போனவர், கரும்பு வெட்டப் போனவர், பெங்களூரில் கொத்தனாராக இருந்தவர் எல்லோரும் ஊருக்குப் பேச நம்பியிருந்தது இந்தப் பூத்துகளையும் பி.பி. எண்களையும்தான்.

வருகிற அழைப்புக்கும் காசு

இந்தியாவின் முதல் கைபேசி அழைப்பு 1995 ஜூலை 31 அன்று பேசப்பட்டது. கொல்கத்தாவிலிருந்து மேற்கு வங்க முதலமைச்சர் ஜோதி பாசு, டெல்லியில் இருந்த மத்திய அமைச்சர் சுக்ராமுடன் பேசினார். அந்தக் காலத்தில் பேசுகிறவர் மட்டுமல்ல, அழைப்பை எடுப்பவரும் பணம் கட்ட வேண்டும். மணி அடித்ததும் எண்ணைப் பார்த்து, துண்டித்துவிட்டு, பூத்துக்கு நடந்துபோய்த் திரும்ப அழைத்தவர்கள் உண்டு.

உரிமங்கள் வழங்கப்பட்டபோது சென்னை ஒரு தனிச் சேவைப் பகுதி. தமிழ்நாட்டின் மற்ற இடங்கள் வேறொரு பகுதி. சென்னைப் பகுதிக்குள் மறைமலைநகரும் மாமல்லபுரமும் அடங்கின. திண்டிவனம் அடங்கவில்லை. ஆகவே சென்னையில் வாங்கிய சிம்மோடு ஊருக்கு வந்தவர் வழியிலேயே ‘ரோமிங்’ எல்லைக்குள் நுழைந்துவிடுவார். இரண்டு பகுதிகளும் பின்னாளில் இணைக்கப்பட்டன.

இந்திய தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் வகுத்த இணைப்புக் கட்டண முறை 2003 மே 1 முதல் நடைமுறைக்கு வந்தது. இதன்படி அழைப்பவரின் நிறுவனம், அழைப்பைப் பெறும் நிறுவனத்துக்குப் பணம் தரும். அழைப்பை எடுப்பவர் எதுவும் தர வேண்டியதில்லை. இன்கமிங் இலவசமானது இப்படித்தான். யாரும் தானமாகத் தரவில்லை. செலவு மறுமுனைக்கு மாறியது. பின்னால் எழுந்த சச்சரவைப் புரிந்துகொள்ள இந்தக் கணக்கு நினைவில் இருக்க வேண்டும்.

999 ரூபாய்

இன்கமிங் இலவசமானாலும் ‘வேலிடிட்டி’ என்ற கெடு இருந்தது. கூப்பனின் நாள் முடிந்தால் இணைப்பும் முடியும். 2005 இறுதியில் நிறுவனங்கள் இந்தக் கெடுவைத் தூக்கும் திட்டங்களை அடுத்தடுத்து அறிவித்தன. ஏர்டெல் 999 ரூபாய்க்கு வாழ்நாள் வேலிடிட்டி தந்தது. மற்றவையும் தொடர்ந்தன, போட்டியில் விலை சில ஆண்டுகளிலேயே பல மடங்கு இறங்கியது. குறிப்பிட்ட மாதங்களுக்கு ஒரு முறை சிறு தொகை ரீசார்ஜ் செய்ய வேண்டும் என்ற நிபந்தனை இருந்தாலும், விளம்பரப் பலகையில் பெரிதாக நின்றது ‘லைஃப்டைம்’ என்ற சொல்தான்.

‘யாருடைய வாழ்நாள்?’ என்ற கேள்வி அப்போதே எழுந்தது. 2006 மார்ச்சில் டிராய் இதற்கு ஒரு விடை சொன்னது. வாழ்நாள் என்று விற்கப்பட்ட திட்டம், நிறுவனத்தின் தற்போதைய உரிமமோ புதுப்பிக்கப்பட்ட உரிமமோ நீடிக்கும்வரை வாடிக்கையாளருக்குக் கிடைக்க வேண்டும். உரிமம் முடியும் மாதத்தையும் ஆண்டையும் அவருக்குத் தெரிவிக்க வேண்டும். அதாவது வாழ்நாள் என்பது வாங்கியவரின் ஆயுள் அல்ல, விற்றவரின் உரிமக் காலம். பெட்டிக்கடையில் சிம் வாங்கிய எத்தனை பேருக்கு இது எட்டியது என்பது வேறு விஷயம்.

இத்திட்டத்தைச் சுற்றி ஒரு வாழ்க்கைமுறை உருவானது. ஊரில் இருக்கும் தாயிடம் ஒரு கைபேசி. அதில் பத்து ரூபாய் இருப்பு. அவர் ‘மிஸ்டு கால்’ கொடுப்பார், சென்னையில் இருக்கும் மகன் திரும்ப அழைப்பான். ஒரு மணி அடித்தால் பேருந்து ஏறியாயிற்று, இரண்டு மணி அடித்தால் வந்து சேர்ந்தாயிற்று என்று வீட்டுக்கு வீடு ஒரு குறிமொழி இருந்தது. நெல், மணிலா வியாபாரிகள், பால்காரர், கொத்தனார் மேஸ்திரி ஆகியோருக்கு வரும் அழைப்புதான் பிழைப்பு. பேசுவதற்குக் காசு தேவைப்பட்டது. கிடைக்கக்கூடியவராக இருப்பதற்குத் தேவைப்படவில்லை.

2013இல் டிராய் இன்னொரு பாதுகாப்பும் தந்தது. கணக்கில் 20 ரூபாயோ அதற்கு மேலோ இருப்பு இருந்தால், பயன்படுத்தவில்லை என்ற காரணத்தைக் காட்டி ப்ரீபெய்டு எண்ணை நிறுத்தக் கூடாது என்பது அந்த விதி.

2018

அந்த ஆண்டு தமிழ்நாட்டுக்கு இரண்டு அடிகள் விழுந்தன. முதலாவது ஏர்செல். சி. சிவசங்கரன் தொடங்கிய அந்நிறுவனத்துக்குத் தமிழ்நாடே தாய்வீடு. 2018 பிப்ரவரி மூன்றாம் வாரத்தில் மாநிலம் முழுவதும் அதன் அலைவரிசை முடங்கியது. மாத இறுதியில் நிறுவனம் திவால் நடவடிக்கைக்கு விண்ணப்பித்தது. எண்ணை வேறு நிறுவனத்துக்கு மாற்ற 1900 என்ற எண்ணுக்குக் குறுஞ்செய்தி அனுப்ப வேண்டும். ஆனால் சிக்னலே இல்லை. எண் மாற்றக் குறியீடு கேட்டு மக்கள் கடைகளின் முன் நின்றார்கள். ஏர்செல் வாழ்நாள் சிம் வைத்திருந்தவர்களின் ‘வாழ்நாள்’ அத்துடன் முடிந்தது.

இரண்டாவது அடி அவ்வளவு வெளிப்படையாக விழவில்லை. 2016 செப்டம்பரில் ஜியோ வந்த பிறகு பழைய நிறுவனங்களின் வருமானம் சரிந்திருந்தது. இரண்டு சிம் போடும் கைபேசிகளில் ஒன்றைப் பேசவும் இணையத்துக்கும் வைத்துக்கொண்டு, பழைய எண்ணை இன்கமிங்குக்கு மட்டும் வைத்திருந்தவர்கள் கோடிக்கணக்கில் இருந்தனர். இணைப்புக் கட்டணமும் 2017 அக்டோபரில் நிமிடத்துக்கு 14 பைசாவிலிருந்து 6 பைசாவாகக் குறைக்கப்பட்டிருந்தது. முன்பு ஒருவர் அழைப்பை எடுத்தாலே அவருடைய நிறுவனத்துக்குக் காசு வந்தது. இப்போது அந்த ஊற்று வற்றிக்கொண்டிருந்தது. இந்த அளவில் நிறுவனங்களின் கணக்கில் நியாயம் இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

அவை தேர்ந்த வழி, 28 நாள்களுக்கு 35 ரூபாயில் தொடங்கும் குறைந்தபட்ச ரீசார்ஜ். செய்யாவிட்டால் முதலில் பேசும் வசதி நிற்கும். சில நாள் கழித்து இன்கமிங்கும் நிற்கும். கணக்கில் நூறு ரூபாய் இருப்பு வைத்திருந்தவர்களுக்கும், லைஃப்டைம் என்று பணம் கட்டியவர்களுக்கும் இதே எச்சரிக்கை வந்தது. டிராய்க்குப் புகார்கள் குவிந்தன. போதிய இருப்பு உள்ளவர்களின் சேவையை நிறுத்தக் கூடாது, இருப்பிலிருந்தே திட்டத்தை வாங்கலாம் என்பதைத் தெளிவாகத் தெரிவிக்க வேண்டும் என்று 2018 நவம்பர் இறுதியில் டிராய் அறிவுறுத்தியது. ஆனால் குறைந்தபட்ச ரீசார்ஜையே தடுக்கவில்லை. விலையை நிர்ணயிப்பது நிறுவனங்களின் உரிமை என்பது அதன் நிலைப்பாடு. வாடிக்கையாளர்கள் தம் பதிலைக் காலால் சொன்னார்கள்: வோடஃபோன் ஐடியாவின் சந்தாதாரர்கள் 2018 செப்டம்பரில் ஏறத்தாழ 42.2 கோடி, 2019 மார்ச்சில் 33.4 கோடி.

35 ரூபாய் பெரிய தொகையா என்று அப்போது கேட்டவர்கள் உண்டு. கோபத்தின் காரணம் தொகை மட்டுமல்ல. இதற்குள் கைபேசி எண் வெறும் பேசும் எண்ணாக இல்லாமல், மனிதரின் அடையாளமாகவே ஆகிவிட்டிருந்தது. வங்கிக் கணக்கு, ஆதார், குடும்ப அட்டை, எரிவாயு பதிவு எல்லாம் ஒரே எண்ணில். ரேஷன் கடையில் பொருள் வாங்கியதும் வரும் செய்தி, வங்கி அனுப்பும் ஓடிபி எல்லாம் இன்கமிங்தான். அழைப்பு நின்றால் உறவினர் மட்டும் அல்ல, அலுவலகங்களும் எட்டாமல் போகும். நீண்ட நாள் ரீசார்ஜ் செய்யாத எண் துண்டிக்கப்பட்டு, குறைந்தது 90 நாள் கழித்து வேறொருவருக்கு ஒதுக்கப்படலாம். பழைய உரிமையாளரின் ஓடிபி அந்தப் புதியவருக்குப் போகும் ஆபத்தும் அதில் உண்டு.

ஏறிய படிகள்

35 ரூபாய் நிலைக்கவில்லை. ஏர்டெல்லின் குறைந்தபட்சத் திட்டத்தை மட்டும் எடுத்துக்கொண்டால், 2021 ஜூலையில் 49 ரூபாயிலிருந்து 79, அதே ஆண்டு நவம்பரில் 99, பிறகு 155, 2024 ஜூலையில் 199. பிந்தைய திட்டங்களில் அளவில்லாப் பேச்சும் இணையமும் சேர்ந்திருந்தன என்பது உண்மை. ஆனால் பொத்தான் கைபேசி வைத்திருக்கும் மூதாட்டிக்கு இணையத்தால் என்ன பயன்? 28 நாள் என்றால் ஆண்டுக்கு 13 ரீசார்ஜ்: 35 ரூபாயில் 455, 199 ரூபாயில் 2,587. தமிழ்நாட்டில் முதியோர் உதவித்தொகை 2023இல்தான் 1,000 ரூபாயிலிருந்து 1,200 ஆனது.

28 நாள் கணக்கின் மீதும் புகார்கள் எழுந்ததால், ஒவ்வொரு நிறுவனமும் 30 நாள் திட்டம் ஒன்றையாவது தர வேண்டும் என்று டிராய் 2022 ஜனவரியில் ஆணையிட்டது. அதற்குச் சற்று முன்பு, 2021 டிசம்பரில், இன்னொரு கதவும் திறக்கப்பட்டது. மலிவான சில திட்டங்களில் குறுஞ்செய்தி வசதி நீக்கப்பட்டிருந்ததால், விலகிப் போக விரும்பியவரால் 1900க்குச் செய்தி அனுப்ப முடியவில்லை. எந்தத் திட்டத்தில் இருந்தாலும் அந்த ஒரு செய்தியை அனுமதிக்க வேண்டும் என்று டிராய் உத்தரவிட்டது.

மற்ற இடங்களில்

இலவசத்தால் கூட்டம் சேர்த்து, பழகிய பின் வசதியைக் குறைப்பது கைபேசித் துறைக்கு மட்டும் உரியதல்ல. கூகுள் ஃபோட்டோஸ் தன் அளவில்லா இலவசச் சேமிப்பை 2021 ஜூன் 1 அன்று நிறுத்தியது. கடவுச்சொற்களைச் சேமித்துத் தரும் லாஸ்ட்பாஸ் என்ற அமெரிக்கச் செயலி 2021 மார்ச் 16 முதல், இலவசப் பயனர் கணினியிலோ கைபேசியிலோ ஏதாவது ஒரு வகையில் மட்டும் பயன்படுத்தலாம் என்று கட்டுப்படுத்தியது. இரண்டிலும் வேண்டுமென்றால் சந்தா. ஒரு மாத முன்னறிவிப்பே இருந்தது. கோபமடைந்த பலர் பிட்வார்டன் போன்ற வேறு செயலிகளுக்கு மாறினர். அவர்களால் தம் கடவுச்சொற்களை ஒரு கோப்பாக இறக்கி எடுத்துக்கொண்டு போக முடிந்தது. திண்டிவனத்துப் பொத்தான் கைபேசிக்காரருக்கு அந்த வசதிகூட எளிதில் வாய்க்கவில்லை.

அண்மை நிலை

2024 ஜூலை கட்டண உயர்வுக்குப் பிறகு பலர் தனியார் நிறுவனங்களை விட்டு பிஎஸ்என்எல் சேவைக்கு மாறினர். 2024 டிசம்பரில் டிராய் தன் விதிகளைத் திருத்தி, இணையம் சேராத, பேச்சுக்கும் குறுஞ்செய்திக்கும் மட்டுமான திட்டம் ஒன்றையாவது ஒவ்வொரு நிறுவனமும் தர வேண்டும் என்றது. இத்தகைய சிறப்புத் திட்டங்களின் உச்ச வேலிடிட்டி 90 நாளிலிருந்து 365 நாளாக உயர்த்தப்பட்டது. 2025 ஜனவரியில் அத்தகைய திட்டங்கள் வெளிவந்தன. அழைப்பை எடுக்க மட்டுமே கைபேசி வைத்திருப்பவர்களும் அவற்றில் அளவில்லாப் பேச்சுக்கான விலையையே கட்டுகிறார்கள்.